ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு அச்சகங்கள் தரும் ‘எலக்‌ஷன் செட்’: காரைக்குடிப் பக்கம் எதை வாங்கலாம், எதை விடலாம்

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே ஊரில் எதிரும் புதிருமாக நிற்பது சாதாரணம். அமெரிக்காவில் பிரைமரி என்று கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் வைத்து வேட்பாளரைப் பொறுக்குகிறார்களே, நம் ஊரில் அதற்குக் கிட்ட வருவது இதுதான். கட்சிக் கொடியைக் காட்டி ஓட்டு வாங்க முடியாது. ஆளை நம்பி, வீடு வீடாகப் போய்த்தான் வாங்க வேண்டும். அந்த வேலைக்கு என்று அச்சகங்கள் ‘செட்’ கட்டி விற்கின்றன: நோட்டீஸ், ஸ்டிக்கர், மாதிரி வாக்குச் சீட்டு, பூத் சிலிப், ஃபிளெக்ஸ், துண்டு, தொப்பி, மைக் கட்டிய வண்டி, மொத்த எஸ்.எம்.எஸ். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி ஒன்றியங்களில் ஒரு நல்ல ஆளை நிறுத்தி வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக, அந்த செட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறது இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செட்டாக வாங்காதீர்கள். அதில் பாதி, பணத்தைக் கரைக்கும். எல்லாவற்றையும்விட அவசியமான சாமான் எந்த செட்டிலும் இருப்பதில்லை. அது வாக்காளர் பட்டியலைப் பிரித்துக் கட்டிய நோட்டு.

பணக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9,000. முழு செட்டும் இரண்டு நாள் வண்டியும் பேசினாலே தலைவர் வேட்பாளரின் வரம்பில் பெரும்பகுதி போய்விடும். நாள் கணக்கு அதைவிட நெருக்கடி. அந்தத் தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. பிரசாரம் 48 மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். சின்னம் கையில் கிடைத்த பிறகு மிச்சம் இருந்தது ஆறே நாள். சின்னம் தெரியாமல் நோட்டீஸ் அடிக்க முடியாது. ஆகவே அச்சகத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை: “இன்று சாயங்காலம் சின்னம் சொன்னால், நாளை எத்தனை மணிக்கு நோட்டீஸ் கைக்கு வரும்?”

இந்தக் கேள்விக்குக் காரைக்குடி அச்சகங்களுக்கும் சிவகாசிக்கும் பதில் வேறு வேறு. பல வண்ண ஆஃப்செட்டில் பெரிய எண்ணிக்கை என்றால் சிவகாசி மலிவு, சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஊராட்சிக்குத் தேவைப்படுவது ஆயிரம் நோட்டீஸ். ஆஃப்செட்டில் முதல் ஆயிரத்துக்குத்தான் செலவு. நாலு வண்ணம் என்றால் நாலு பிளேட் போட வேண்டும், மிஷினை ஏற்றி வண்ணம் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் ஓடுவதற்குப் பேப்பர், மை விலைதான். ஆயிரத்துக்காக ஒரு ராத்திரி லாரி சர்வீசை நம்பிச் சிவகாசியில் அடிப்பது ஆறு நாளில் ஒரு நாளைத் தானம் கொடுப்பது. உள்ளூரில் ஒற்றை வண்ணத்தில் அடித்தால் அன்றே கிடைக்கும்.

நோட்டீஸில் எது சரி, எது தப்பு என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் செட்டில் உருப்படியாகப் பயன்படுவது அதுதான். ஏ5 அளவு, 70 ஜி.எஸ்.எம். கனத்தில் வெள்ளைத்தாள், கறுப்பு மை போதும். பளபளக்கும் ஆர்ட் பேப்பரை அச்சகங்கள் வற்புறுத்துவார்கள். அதில் பேனாவால் எழுத முடியாது, மை நழுவும். வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது வாக்காளர் பட்டியலில் அவருடைய வரிசை எண்ணை மூலையில் எழுதிக் கொடுப்பதுதான் நோட்டீஸின் பாதிப் பயன். அந்தத் தாளை அவர் எறியமாட்டார்.

சின்னத்தின் படத்தில்தான் பெரும்பாலான அச்சகங்கள் கோட்டை விடுகின்றன. உங்களுக்குப் பூட்டுச் சாவி சின்னம் என்று வையுங்கள். அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டர் இணையத்தில் தேடி, பித்தளைப் பளபளப்போடு ஒரு வண்ணப் பூட்டின் போட்டோவை இறக்கிப் போட்டுவிடுவார். பார்க்க அழகு. ஆனால் வாக்குச் சீட்டில் வருவது கறுப்புக் கோட்டுப் படம். சாவி எந்தப் பக்கம் கிடக்கிறது, வளையம் எப்படி வளைகிறது என்று வயசானவர்கள் அந்த உருவத்தைத்தான் கண்ணில் வைத்துக்கொண்டு போவார்கள். போட்டோவைப் பழகிய கண் சாவடி மறைப்புக்குள் தடுமாறும். தேர்தல் நடத்தும் அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டியலை நேர் எதிரே நின்று தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதே கோட்டுப் படம், அதே திசையில், நோட்டீஸில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். திருப்பிப் போட்டால், மிரர் செய்தால், திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது பெயர். பல அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கின்றன. வாட்ஸ்அப்பில் நீங்கள் யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், திரும்பத் தட்டினால் எழுத்தே மாறும். அழகப்பன் அளகப்பன் ஆவதும், உமையாள் உமயாள் ஆவதும் இங்கேதான். புரூஃபைத் தொலைபேசித் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். தாளில் அடித்து, வேட்புமனுவில் எழுதிய பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு: ஊருக்கு ஒரு பெயர், விலாசத்துக்கு ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர். எல்லோரும் வீட்டுப் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒருவர் வாக்குச் சீட்டில் இன்ஷியலோடு வேறு ஆளாகத் தெரிவார். ஆகவே சீட்டில் வரும் பெயர் பெரிதாக, ஊர் அழைக்கும் பெயர் அதன் கீழே. இதை மாற்றிப் போட்ட நோட்டீஸ் ஓட்டைத் தடுமாற வைக்கும்.

அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் முகவரியும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இதைப் போட மறுக்கிற, அல்லது “யாரும் பார்க்க மாட்டாங்க” என்கிற அச்சகத்தில் வேலை கொடுக்காதீர்கள். பிடிபட்டால் சங்கடம் வேட்பாளருக்குத்தான்.

மாதிரி வாக்குச் சீட்டு கட்டாயம் வாங்க வேண்டியது. கிராமத்தில் ஒருவர் கையில் நாலு சீட்டு கொடுப்பார்கள்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்தால் வார்டுச் சீட்டில் ஒன்று நீலமாகவும் இருக்கும். நாலையும் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் போகிறவர், கட்சிச் சின்னத்தை ஒன்றிய, மாவட்டச் சீட்டில் தேடிக் குத்திவிட்டு, ரோஸ் சீட்டை வெறுமனே மடித்துப் போட்டுவிடுவது உண்டு. ஆதரவாளரின் ஓட்டே வீணாகும் இடம் இது. அதனால் வாசலில் சொல்லும் வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: “ஆச்சி, ரோஸ் சீட்டு. அதுல பூட்டுச் சாவி.” இரண்டே விஷயம். ஊர்ப் பிரச்சினை எல்லாம் அதற்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும்.

அச்சகம் தரும் மாதிரிச் சீட்டில் கவனிக்க வேண்டியவை: உண்மைச் சீட்டின் நிறத்திலோ அளவிலோ அடிக்க வேண்டாம். மற்ற வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் வேண்டாம். சாம்பல் நிறத் தாளில், வாக்குச் சீட்டில் உங்கள் வேட்பாளரின் வரிசை எண்ணுக்குரிய கட்டத்தை மட்டும் நிரப்பி, மற்றதை வெறும் கட்டமாக விட்டு, மேலே ‘ரோஸ் சீட்டு – மாதிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டால் போதும். முத்திரையைக் கட்டத்துக்குள் எங்கே குத்த வேண்டும் என்பதையும் இதில்தான் காட்ட முடியும். இரண்டு கட்டத்துக்கும் பொதுவான கோட்டில் குத்தினால் யாருக்குப் போட்டது என்று தெரியாமல் செல்லாத ஓட்டு ஆகிவிடும். மடிப்பதையும் செய்து காட்டுங்கள்: முதலில் நெட்டுக்கு, பிறகு குறுக்கே. குறுக்கே முதலில் மடித்தால் ஈர மை மேலோ கீழோ உள்ள இன்னொருவர் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு ஒன்று போதும். ஐந்நூறுக்குள் என்றால் ஆஃப்செட் வேண்டாம், ஜெராக்ஸே மலிவு.

பூத் சிலிப்பைப் பொறுத்தவரை, அச்சகங்கள் போட்டோவும் சின்னமும் போட்டு அழகாக அடித்துத் தருவதை அப்படியே மறுத்துவிடுங்கள். வாக்காளருக்குக் கொடுக்கும் அடையாளச் சிலிப் வெறும் வெள்ளைத் தாளாக, சின்னமோ வேட்பாளர் பெயரோ இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நடத்தை விதி. பெயர், பாகம் எண், வரிசை எண், சாவடி. அவ்வளவுதான். ஏ4-இல் எட்டாக வெட்டினால் 1,500 வாக்காளருக்கு 188 தாள் பிடிக்கும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாக வைத்து வார்டு வாரியாகப் பிரித்துப் போடுவது. பெயர்கள் அதேதான், ஆனால் பாகமும் வரிசை எண்ணும் வேறு. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் போன சட்டமன்றத் தேர்தலின் கோப்பு கிடக்கும், அதிலிருந்தே சிலிப் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாக்குப்பதிவு அன்று சாவடியில் எண் ஒத்துப் போகாமல் வரிசையில் சண்டை நடக்கும். உள்ளாட்சிக்கென வெளியிட்ட வார்டுப் பட்டியலிலிருந்து எடுத்ததா என்று முதல் பத்து சிலிப்பையாவது ஒத்துப் பாருங்கள்.

ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். இது நம் ஊருக்கென்றே சொல்வது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசி, கண்ணாடி போலத் தேய்த்த சுவரில் ஸ்டிக்கரை ஒட்டினால், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பர்மாத் தேக்குக் கதவில் ஒட்டினாலும் பசை பாலிஷைத் தின்னும். சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் உரிமையாளர் திருவிழாவுக்கு வந்து அதைப் பார்த்தால், உங்கள் வேட்பாளரைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்வார். சுவரில் எழுதவும் ஒட்டவும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, சம்மதம் கொடுத்தாலும் ஒட்டாதீர்கள்.

ஃபிளெக்ஸும் அதே. அனுமதி வாங்க வேண்டும், ஒவ்வொன்றும் செலவுக் கணக்கில் ஏறும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போன பிறகும் ரோட்டோரம் கட்டுகிறவரைத் தலைவராக்க ஊர் யோசிக்கத்தான் வேண்டும். துண்டும் தொப்பியும் ஆதரவாளர்களுக்குள்ளேயே சுற்றும், புதிதாக ஓர் ஓட்டும் தராது.

மைக் வண்டி பற்றி நிறையப் பேர் மாற்றுக் கருத்துச் சொல்வார்கள். குட்டி யானையில் இரண்டு பாக்ஸ் கட்டி, ஜெனரேட்டர் வைத்து, ஆறு நாளும் சுற்றினால்தான் ‘எடுப்பாக’ இருக்கும் என்பார்கள். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை யோசியுங்கள். முகப்பு, அடுத்து வளவு என்கிற முற்றப் பகுதி, அதற்கப்பால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. குடியிருப்பவர்கள் அடுப்படிப் பக்கம் இருப்பார்கள். வண்டி வாசல் தெருவில் கத்திக்கொண்டு போனால் உள்ளே கேட்பது இரைச்சல் மட்டும்தான். கடைசி நாள் ஒரே ஒரு சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு நாற்பது நொடிக்கு மேல் வேண்டாம். பெயர், ரோஸ் சீட்டு, சின்னம், மூன்று முறை. வண்டி நகர நகர நீண்ட பேச்சு எந்த வீட்டுக்கும் முழுதாக எட்டாது. போலீஸ் அனுமதிச் சீட்டு வண்டியிலேயே இருக்க வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

மொத்த எஸ்.எம்.எஸ்., குரல் அழைப்பு என்பதை வாங்கவே வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் தலைப்பையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆறு நாளில் அது நடக்காது. வேறு யாருடைய தலைப்பிலோ அனுப்பித் தருகிறேன் என்பவரிடம் போனால் செய்தி விளம்பரமாகத்தான் வந்து விழும். 1,500 பேர் உள்ள ஊரில் போன் பேசவேண்டிய ஆட்கள் வெளியூரில் இருப்பவர்கள் மட்டுமே. அவர்களை உறவுக்காரர் யாராவது ஒருவர் கூப்பிடுவதுதான் முறை.

இனி நோட்டு. பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 பேர் என்று வைத்தால் 1,500 பேருக்கு 50 பக்கம். ஒரு பக்க அச்சாக ஏ4-இல் எடுத்து, எதிர்ப் பக்கத்தை எழுதுவதற்கு வெறுமையாக விட்டு, தெரு தெருவாகப் பிரித்து ஸ்பைரல் போட வேண்டும். இதை எந்த ஜெராக்ஸ் கடையும் செய்யும், செலவு மற்றதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. தெருவுக்கு இரண்டு பேர் கொண்ட ஒரு குழு, குழுவுக்கு ஒரு நோட்டு, எல்லாம் சேர்ந்த மூலப் பிரதி ஒருவரிடம், சாவடி முகவருக்குத் தனிப் பிரதி. அடையாளம் ஒற்றை எழுத்தில்: உறுதிக்கு உ, சந்தேகத்துக்கு ச, எதிர்ப்புக்கு எ, வெளியூருக்கு வெ, இறந்தவருக்கு இ, பூட்டிய வீட்டுக்கு பூ. சாதியை எழுதாதீர்கள். அது எதற்கும் உதவாது. நோட்டு கை மாறினால் ஊரே இரண்டாகும். பணம் சம்பந்தமாக ஒரு எழுத்தும் அதில் வரக் கூடாது, வர வேண்டிய தேவையும் நல்ல வேட்பாளருக்கு இல்லை.

450 வீடு என்றால், உட்கார்ந்து பேசினால் ஒரு குழு ஒரு சாயங்காலத்தில் 30 வீட்டுக்கு மேல் தாண்டாது. ஐந்து குழு இருந்தால் மூன்று நாளில் முதல் சுற்று முடியும். மீதி மூன்று நாள் ‘ச’ போட்ட வீடுகளுக்கு மட்டும் இரண்டாம் சுற்று, இந்த முறை வேட்பாளரே போக வேண்டும். ஐந்து குழுவுக்கு ஆள் இல்லை என்றால் சின்னம் வரும்வரை காத்திருக்காமல் பெயரை மட்டும் சொல்லி முன்னாலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது.

நம் பக்கத்தில் குழுக்கள் தப்புவிடும் இடம் பின்வாசல். ஒரு வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் பூட்டு தொங்கும், நோட்டில் ‘பூ’ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பின்கட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பமோ வாடகைக் குடும்பமோ மூன்று நாலு ஓட்டோடு குடியிருக்கும். கதவு எண் ஒன்றே என்பதால் பட்டியலில் அவர்கள் உரிமையாளர் குடும்பத்தோடு கலந்து கிடப்பார்கள். ஒரே வீட்டு எண்ணில் தகப்பன் பெயர் தொடர்பில்லாத பெயர்கள் வந்தால், பின்தெருவுக்குப் போய்த் தட்டுங்கள். பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடாக இருந்தால் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது, சில வீடுகளில் வேண்டுமென்றே போய்ச் சேராது.

பெயரே பட்டியலில் இல்லாதவர்களுக்கு அந்த ஆறு நாளில் செய்ய ஒன்றுமில்லை. பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்க வேண்டிய காலம் பல மாதம் முன்னாலேயே. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிறைவதை வைத்துப் பெயர் சேர்க்கலாம், 17 முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. தேர்தல் அறிவிக்காத காலத்தில் இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவரைத்தான் ஊர் பிறகு வாசலில் உட்கார வைத்துப் பேசும்.

வாக்குப்பதிவு அன்று நோட்டின் வேலை மாறும். 2019-இல் நேரம் காலை 7 முதல் மாலை 5 வரை. ‘உ’ போட்டவர்களில் யார் இன்னும் வரவில்லை என்று பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் பார்த்து, தெருக்காரர் ஒருவரை அனுப்பி நினைவுபடுத்தலாம். வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் யாரிடமும் ஓட்டுக் கேட்கக் கூடாது. அச்சகம் இலவசமாகத் தந்த சின்னம் போட்ட பேனா சட்டைப் பையில் இருந்தாலும் எடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ரசீது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். அச்சகத்தில் ‘எலக்‌ஷன் செட் – 1’ என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். அது உதவாது. நோட்டீஸ் எத்தனை, மாதிரிச் சீட்டு எத்தனை, சிலிப் எத்தனை என்று தனித்தனி வரியாக, தேதியோடு, வேட்பாளர் பெயரில் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸின் அடியில் அச்சான எண்ணிக்கையும் ரசீதில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் அன்றே இதைப் பேசிவிட்டால், தேர்தல் முடிந்த பிறகு ரசீதுக்காக அலைய வேண்டியதில்லை.